அரசுப் பொறுப்பில் இருப்பவர் கடவுளுக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம், மூக்கையூர், தொண்டி என்று ராமநாதபுரம் கடற்கரை நெடுக வாழும் கிறிஸ்தவர்களுக்கு அரசு அலுவலகம் அன்றாடம் போய்வரும் இடம். கடலுக்குப் போக மீன்துறை டோக்கன், தடைக்கால நிவாரணம், பட்டா, சாதிச் சான்று, ரேஷன் என எல்லாவற்றுக்கும் ஒரு கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்தைப் போடுகிறவர்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். மேற்கோள்கள் பழைய தமிழ் வேதாகமத்திலிருந்து எடுத்தவை. கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் மட்டும் உள்ள நூல்களை அங்கங்கே குறிப்பிட்டிருக்கிறோம்.

அதிகாரி கடவுளுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று வேதத்தில் எங்கே இருக்கிறது?

பொதுவாக எல்லாருக்கும் பொருந்துவது ரோமர் 14:12: "நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்." அதிகாரத்தில் இருப்பவருக்கென்றே சொன்னவை தனியாக உண்டு. யூதாவின் அரசன் யோசபாத் ஊர் ஊராக நியாயாதிபதிகளை நியமித்தபோது, நீங்கள் மனிதனுக்காக அல்ல, கர்த்தருக்காகவே நியாயம் விசாரிக்கிறீர்கள், எச்சரிக்கையாக இருங்கள் என்றான் (2 நாளாகமம் 19:6-7). உபாகமம் 17 அரசனுக்கே வரம்பு கட்டுகிறது. குதிரைகளையும் வெள்ளியையும் பொன்னையும் பெருக்கக் கூடாது. நியாயப்பிரமாணத்தின் பிரதி ஒன்றை எழுதி வைத்துக்கொண்டு ஆயுள் முழுக்க வாசிக்க வேண்டும். சங்கீதம் 82 ஏழைக்கு நியாயம் செய்யாத நியாயாதிபதிகளைக் கடவுளே கூண்டில் ஏற்றி விசாரிக்கும் காட்சி.

கத்தோலிக்கர் வாசிக்கும் சாலமோனின் ஞானம் 6-ஆம் அதிகாரம் இன்னும் கடுமை. எளியவருக்கு இரக்கத்தால் மன்னிப்புக் கிடைக்கலாம், வலியவருக்கோ வலிய சோதனை காத்திருக்கிறது என்கிறது. பொறுப்பு கூடக் கூட விசாரணையும் கூடும். லூக்கா 12:48-இல் இயேசு சொன்னதும் இதுவே: அதிகம் கொடுக்கப்பட்டவனிடத்தில் அதிகம் கேட்கப்படும்.

"அதிகாரி" என்றால் கலெக்டர், தாசில்தார் மட்டும்தானா?

இல்லை. இன்னொருவருக்குச் சேர வேண்டியதைக் கொடுக்கவோ நிறுத்தவோ முடிந்த எவரும் இதில் வருவார். கிராம நிர்வாக அலுவலர், ரேஷன் கடை விற்பனையாளர், டோக்கன் கொடுக்கும் எழுத்தர், வனக்காப்பாளர், மீனவர் கூட்டுறவுச் சங்கத் தலைவர், ஊராட்சி உறுப்பினர் எல்லாரும் சேர்த்தி. கோயில் பணத்தைக் கையாளும் பங்குப் பேரவை உறுப்பினரையும் சபையின் பொருளாளரையும் விட்டுவிட வேண்டாம்.

அவர் கிறிஸ்தவரே இல்லை. அவருக்கும் இது பொருந்துமா?

பொருந்தும். பெல்ஷாத்சார் பாபிலோனின் அரசன், இஸ்ரவேலின் கடவுளை வணங்காதவன். அவன் அரண்மனைச் சுவரில்தான் "தெக்கேல்", அதாவது தராசில் நிறுக்கப்பட்டுக் குறைவாகக் காணப்பட்டாய் என்று எழுதப்பட்டது (தானியேல் 5). ரோம ஆளுநன் பேலிக்ஸ் முன்னால் கைதியாக நின்ற பவுல், நீதியையும் இச்சையடக்கத்தையும் வரப்போகும் நியாயத்தீர்ப்பையும் பற்றிப் பேசினான். பேலிக்ஸ் பயந்துபோனான். ஆனாலும் பவுல் பணம் கொடுப்பான் என்று எதிர்பார்த்து அடிக்கடி கூப்பிட்டு அனுப்பினான். இரண்டு வருஷம் காவலிலேயே வைத்துவிட்டுப் போனான் (அப்போஸ்தலர் 24:25-27). பணம் வராததால் கோப்பு நகரவில்லை. ஈராயிரம் வருஷத்துக்கு முந்தைய நடைமுறை இன்றைக்கும் யாருக்கும் விளங்குகிறது.

ரோமர் 13 "மேலான அதிகாரத்துக்குக் கீழ்ப்படியுங்கள்" என்கிறதே?

அதே பகுதி அதிகாரியைத் தேவ ஊழியக்காரன் என்கிறது. ஊழியக்காரன் என்றாலே அவனுக்கு மேலே எஜமான் ஒருவர் உண்டு. எஜமானுடைய கட்டளைக்கு எதிராக அவன் ஏவினால் என்ன செய்வது? பேதுரு ஆலோசனைச் சங்கத்தின் முன்னே சொன்ன பதில் இருக்கிறது: "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியமாயிருக்கிறது" (அப்போஸ்தலர் 5:29). கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2242-ஆம் எண்ணில் இதையே குடிமகனின் மனச்சாட்சிக் கடமையாக வைக்கிறது. வரி கட்டாமல் இருக்கவோ, பிடிக்காத சட்டத்தையெல்லாம் மீறவோ இதில் அனுமதி இல்லை. ஒழுக்க நெறிக்கோ மனிதரின் அடிப்படை உரிமைக்கோ நற்செய்தியின் போதனைக்கோ எதிரான உத்தரவு மட்டுமே இதில் வரும்.

மேலதிகாரி சொன்னார், நான் கையெழுத்துப் போட்டேன். பாவம் யாருக்கு?

இதற்கு 1 இராஜாக்கள் 21-ஐ மெதுவாக வாசிக்க வேண்டும். நாபோத்தின் திராட்சத்தோட்டம் அரசன் ஆகாபுக்கு வேண்டும். நாபோத் தர மறுக்கிறான். ஆகாபின் மனைவி யேசபேல் அவன் பேரில் கடிதம் எழுதி, அவன் முத்திரையை இட்டு, நாபோத்தின் ஊர் மூப்பர்களுக்கு அனுப்புகிறாள். மூப்பர்கள் கேள்வி கேட்காமல் இரண்டு பொய்ச்சாட்சிகளை உட்காரவைத்து, நாபோத்தைக் கல்லெறிந்து கொன்று, "முடிந்தது" என்று தகவல் அனுப்புகிறார்கள். எல்லாம் முறைப்படி நடந்தது: கடிதம், முத்திரை, விசாரணை, சாட்சி, தீர்ப்பு. ஆகாப் ஒரு வரியும் எழுதவில்லை. இருந்தும் தீர்க்கதரிசி எலியா நேராக ஆகாபிடம் போய், கொன்றதும் நீ, எடுத்துக்கொண்டதும் நீ என்கிறான்.

முத்திரை யாருடையதோ கணக்கும் அவருடையது. இன்றைய முத்திரை கணினியின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும்தான். அதை வெளியாள் உதவியாளரிடம் கொடுத்துவிட்டு, அவர் ஒப்புதல் தட்டிய சான்றுகளை நான் பார்க்கவே இல்லை என்று சொல்லும் அலுவலர் ஆகாபின் இடத்தில் நிற்கிறார். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதும் அப்படித்தான். கீழே இருந்து நிறைவேற்றிய மூப்பர்களும் தப்பவில்லை. அவர்களுடைய மௌனம் இல்லாமல் அந்தக் கொலை நடந்திருக்காது.

இந்த மண்ணிலேயே அப்படி ஒன்று நடந்தது. மறவர் தலைவன் தடியத்தேவன் மனம் மாறி ஒரே மனைவியோடு வாழ முடிவெடுத்தபோது விலக்கப்பட்ட மனைவியரில் ஒருத்தி ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதியின் உறவுப்பெண். அதன் விளைவாக, அவனை மனம் மாற்றிய குரு அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) கைதானார். வெளிப்பார்வைக்கு அவரை ஓரியூருக்கு நாடுகடத்தினார்கள். கொல்லச் சொல்லும் உத்தரவு அங்கிருந்த உடையத்தேவனுக்கு இரகசியமாகப் போனது. 1693 பிப்ரவரி 4 அன்று அவர் தலை வெட்டப்பட்டது. திருவிழாவுக்கு ஓரியூர் போகிறவர்கள் செம்மண்ணை எடுத்து வருகிறார்கள். அந்த உத்தரவு இரண்டு பேர் கைமாறிய விதத்தைப் பற்றியும் பிரசங்க மேடையில் பேசலாம்.

எல்லாருக்கும் சம பாவமா? இல்லை. பிலாத்துவிடம் இயேசு, என்னை உம்மிடம் ஒப்புக்கொடுத்தவனுக்கு அதிக பாவம் உண்டு என்றார் (யோவான் 19:11). அதிக பாவம் இன்னொருவனுக்கு என்றதால் பிலாத்து குற்றமற்றவன் ஆகிவிடவில்லை. கை கழுவியும் அவன் பெயர் விசுவாசப் பிரமாணத்தில் நின்றுவிட்டது.

நடைமுறையில் செய்ய வேண்டியது: வாய்மொழி உத்தரவு தவறாகப் பட்டால் எழுத்தில் கேளுங்கள். பாதி உத்தரவுகள் அங்கேயே நின்றுவிடும். எழுத்தில் வந்தால் உங்கள் மறுப்பைக் கோப்பில் தேதியோடு குறிப்பு எழுதுங்கள். குறிப்பு எழுதிவிட்டோம் என்பதற்காகத் தவறான உத்தரவை நிறைவேற்றிவிடவும் கூடாது. பொய் அறிக்கையும் அப்பாவிமேல் வழக்கும் எந்த உத்தரவின் பேரிலும் செய்யத் தகாதவை.

பணம் வாங்கவே இல்லை. அப்படியானால் கணக்கில் பயமில்லையே?

வாங்காமல் இருப்பது ஆரம்பம்தான். யாக்கோபு 4:17 நன்மை செய்ய அறிந்தும் செய்யாதவனுக்கு அது பாவம் என்கிறது. மத்தேயு 25-இன் கடைசி நியாயத்தீர்ப்பில் இடப்பக்கம் நிற்பவர்கள் திருடியதாகச் சொல்லப்படவில்லை. செய்ய வேண்டியதைச் செய்யவில்லை, அவ்வளவே.

ஒரு எடுத்துக்காட்டு. கிழக்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. அந்தக் காலத்துக்கு நிவாரணம் உண்டு. ஆதார் எண்ணில் ஓர் இலக்கம் மாறியதால் ஒரு விதவையின் பெயர் பட்டியலில் விழவில்லை. திருத்தப் பத்து நிமிஷம் போதும். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று அனுப்பிவிட்டால் அவள் வட்டிக்கு வாங்குவாள். அந்த வட்டியும் அலுவலரின் கணக்கில்தான் ஏறும். காரணம் சொல்லாமல் விண்ணப்பத்தைத் தள்ளுவது, மூன்று தடவை அலைய விடுவது, தமிழ் வாசிக்கத் தெரியாதவரிடம் எதில் கைநாட்டு வாங்குகிறோம் என்று சொல்லாமல் வாங்குவது எல்லாம் இதே வகை. ரேஷன் தராசில் நூறு கிராம் குறைவது லேவியராகமம் 19:35-36-இல் பெயர் சொல்லியே தடுக்கப்பட்டிருக்கிறது.

வேலை முடிந்தபின் நன்றிக்காக மீன் கொடுக்கிறார்கள். அதுவும் லஞ்சமா?

கடற்கரையில் மீன் கொடுப்பது உறவுமுறை. வீட்டுக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மாட்டார்கள். அதனால்தான் இங்கே கோடு மங்கலாகத் தெரிகிறது. யாத்திராகமம் 23:8 காரணத்தோடு சொல்கிறது: பரிதானம், அதாவது லஞ்சம், பார்வையுள்ளவர்களைக் குருடாக்கும். கொடுத்தவர் என்ன நினைத்தார் என்பதைவிட, வாங்கியவரின் பார்வை மாறுகிறதா என்பதுதான் சோதனை. நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்த நாற்காலியில் இல்லாவிட்டால் இவர் எனக்கு இதைக் கொடுப்பாரா? அவருடைய விண்ணப்பம் இப்போது என்னிடம் நிலுவையில் இருக்கிறதா, நாளை வருமா? வரிசையில் நிற்கும் மற்றவர்கள் முன்னால் இதை வாங்குவேனா? கொடுக்காதவருக்கும் இதே வேகத்தில் வேலை நடக்குமா? ஒன்றில் இடறினாலும் வாங்காதீர்கள். ஒரு கூறு சீலா மீனில் ஆரம்பிப்பது, தடை செய்யப்பட்ட கடல் அட்டை மூட்டை போகும் இரவில் கண்ணை மூடுவதில் போய் முடியும். 2001 முதல் அதைப் பிடிக்கவே தடை. அதில் புழங்கும் பணம் பெரிது.

மறுக்கும் விதமும் முக்கியம். பிடித்து வந்தவரை ஊரார் முன்னால் அவமானப்படுத்தாமல், "அண்ணே, இந்தச் சீட்டில் இருக்கிறவரை வேண்டாம்" என்று ஒரே வரியில் சொன்னால் போதும். இரண்டு முறை மறுத்தால் மூன்றாம் முறை யாரும் கொண்டுவர மாட்டார்கள். நெகேமியா 12 வருஷம் ஆளுநனாக இருந்தும், தனக்குச் சட்டப்படி வர வேண்டிய படியையே, ஜனத்தின் பாரத்தைப் பார்த்து, எடுக்கவில்லை (நெகேமியா 5:14-18).

சட்டத்தை அப்படியே அமல்படுத்தினால் ஏழை நசுங்குகிறான். நான் என்ன செய்ய?

எளிதில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாம்பன், மண்டபம் பக்கத்துப் பெண்கள் அதற்கு முன்பிருந்தே அந்தத் தீவோரங்களில் விரலில் துணி சுற்றிக்கொண்டு மூச்சடக்கி மூழ்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பவர்கள். பவளப்பாறையைக் காக்கும் சட்டம் நியாயமானது. அந்தப் பெண்ணின் அடுப்பும் நியாயமானது.

கிறிஸ்தவப் போதனை இங்கே அதிகாரிக்கு இரண்டு வழிகளை அடைக்கிறது. ஒன்று, பணம் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது. இது இரக்கம் போலத் தோன்றும். உண்மையில் சட்டமும் போச்சு, அவள் சம்பாத்தியமும் போச்சு. இன்னொன்று, விதிதான் என்று சொல்லிப் பையையும் வள்ளத்தையும் பறித்துத் திட்டி அனுப்புவது. யோவான் ஸ்நானன் போர்ச்சேவகரைச் சேவகத்தை விடச் சொல்லவில்லை: "நீங்கள் ஒருவருக்கும் இடுக்கண் செய்யாமலும், பொய்யாய்க் குற்றஞ்சாட்டாமலும், உங்கள் சம்பளமே போதுமென்று இருங்கள்" என்றான் (லூக்கா 3:14). ஆகவே எல்லையை முன்கூட்டியே தமிழில் தெளிவாகச் சொல்லுங்கள். பறிமுதல் செய்தால் ரசீது கொடுங்கள். செய்யாத குற்றத்தைச் சேர்த்து எழுதாதீர்கள். சட்டம் எங்கே இடிக்கிறது என்பதை மேலே அறிக்கையாக அனுப்புங்கள். கடைசியாகச் சொன்னதைத்தான் அநேகர் செய்வதில்லை. ஏசாயா 10:1 அநியாயமான தீர்ப்புகளை எழுதுகிறவர்களுக்கு ஐயோ என்கிறது. களத்தில் கண்டதை எழுதி அனுப்பாதவர் அதில் எவ்வளவு தூரம் பங்காளி என்பதை அவரவர் மனச்சாட்சியே அளக்கட்டும்.

பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்துவிட்டேன். அதோடு முடிந்ததா?

மன்னிப்பு உண்டு. ஆனால் எடுத்தது கையில் இருக்கும்வரை மனந்திரும்புதல் பாதியில் நிற்கிறது. திருச்சபையின் மறைக்கல்வி 2412-ஆம் எண், அநியாயமாய் வாங்கியதைத் திருப்பிக் கொடுப்பேன் என்ற வரிவசூலிப்பவன் சகேயுவை (லூக்கா 19) முன்வைத்து, திருப்பிக் கொடுப்பதைக் கடமையாகவே சொல்கிறது. பொருளை மட்டுமல்ல, உரியவருக்கு அதனால் வந்திருக்க வேண்டிய ஆதாயத்தையும் சேர்த்து. பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளில் பாவசங்கீர்த்தனம் இல்லை, ஆனால் லூக்கா 19 அங்கேயும் அதே 19-தான்.

எவ்வளவு? எண்ணாகமம் 5:6-8 தானாக அறிக்கையிடுகிறவன் முதலோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்கச் சொல்கிறது. சகேயு தன் விருப்பமாக நான்கு மடங்கு என்றான். ஒரு சான்றுக்கு 2,000 ரூபாய் வீதம் 15 பேரிடம் வாங்கியிருந்தால் முதல் 30,000. ஐந்தில் ஒரு பங்கு சேர்த்தால் 36,000. சகேயுவின் கணக்கில் 1,20,000. எண்ணாகமத்தின் கணக்கைக் குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளலாம்.

செய்யும் முறை: முதலில் நினைவில் உள்ளவர்களைப் பெயர், ஆண்டு, தொகையோடு தாளில் எழுதுங்கள். மனதில் போடும் கணக்கு எப்போதும் குறைவாகவே வரும். ஆளைத் தெரிந்தால் அவருக்கே, இறந்துபோயிருந்தால் வாரிசுக்கு. அரசுப் பணமாக இருந்தால் கருவூலத்துக்கு. எந்தத் தலைப்பில் செலுத்துவது என்று சார்நிலைக் கருவூலத்தில் விசாரிக்கலாம். யாரென்றே தெரியாவிட்டால் ஏழைகளுக்கு. ஒரே முறையில் முடியாதென்றால் மாதத் தவணை. பெயர் வெளியே தெரியக் கூடாதென்றால் குருவானவர் வழியாகக் கொடுத்தனுப்பலாம். அவர் பாவசங்கீர்த்தன இரகசியத்தை எந்தக் காரணத்துக்காகவும் உடைக்க முடியாது. காவல் நிலையத்தில் சரணடைவதைப் பாவமன்னிப்புக்கு நிபந்தனையாக வைக்கவும் கூடாது என்று 2019-இல் வத்திக்கானின் மனச்சாட்சி நீதிமன்றம் மீண்டும் தெளிவாக்கியது. ஆனால் உங்கள் தவறுக்காக வேறொருவர் வழக்கில் சிக்கியிருந்தால், அவரை மீட்காமல் நீங்கள் சும்மா இருக்க முடியாது.

இதில் கெட்டுப்போகும் இடங்கள் தெரிந்தவைதான். ஆளைத் தெரிந்தும் பணத்தை உண்டியலில் போடுவது. வாங்கிக் கொடுத்த அதே தரகர் கையில் திருப்பிக் கொடுத்தனுப்புவது. பாதிகூடப் போய்ச் சேராது. பணத்தைக் கொடுத்துவிட்டு, தவறாக மாற்றிய பட்டாவை அப்படியே விட்டுவிடுவது. இது எல்லாவற்றிலும் மோசம். ஒருவன் நிலத்தை இழந்திருக்க, அவனுக்கு 2,000 ரூபாயை நீட்டுவதில் என்ன இருக்கிறது? ஆவணத்தைத் திருத்த வழி செய்ய வேண்டும், அது உங்கள் வேலைக்கே ஆபத்தானாலும்.

அந்தப் பணத்தில் கோயிலுக்குக் கொடிமரம் வைத்துக் கொடுக்கலாமா?

கூடாது. கத்தோலிக்கத் திருவிவிலியத்தின் சீராக் 34-ஆம் அதிகாரம், ஏழையின் பொருளிலிருந்து பலி செலுத்துகிறவனைத் தந்தையின் கண்முன் மகனைக் கொல்கிறவனோடு வைக்கிறது. வாங்கும் பங்குக் கோயிலுக்கும் பொறுப்பு உண்டு. சம்பளத்துக்குப் பொருந்தாத பெருந்தொகை வரும்போது கேள்வி கேட்காமல் உபயதாரர் பலகையில் பெயரை எழுதும் கமிட்டியும் அதில் பங்காளிதான்.

கேட்டதால் கொடுத்தேன். கொடுத்தவனும் பாவியா?

தனக்கு உரியதைப் பெற வேறு வழியில்லாமல் கொடுத்தவர் பறிகொடுத்தவர். வரிசையைத் தாண்டவும், இல்லாத தகுதியைப் பெறவும், இன்னொருவர் நிலத்தைத் தன் பேருக்கு மாற்றவும் கொடுத்தவர் பங்காளி. நாட்டின் சட்டமும் இந்தப் பிரிவை அறியும். ஊழல் தடுப்புச் சட்டம் (1988) 2018-இல் திருத்தப்பட்டபின் கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தண்டனை இல்லை. கொடுப்பதற்கு முன்னே லஞ்ச ஒழிப்புத் துறையிடம் போவது இன்னும் நல்லது. அவர்கள் ரூபாய்த் தாளில் பினாப்தலின் பொடி தடவிக் கொடுப்பார்கள். வாங்கியவர் கையைச் சோடியம் கார்பனேட் கரைசலில் முக்கினால் இளஞ்சிவப்பாகும். பிலாத்துவின் காலத்தில் இந்த வசதி இல்லை.

புகார் வேண்டாம், விவரம் போதும் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் (2005) இருக்கிறது. மனுவுக்குக் கட்டணம் 10 ரூபாய், வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு அதுவும் இல்லை. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் முதல் மேல்முறையீடு. "ஏன் தரவில்லை" என்று கேட்காமல், "என் விண்ணப்பம் எந்தத் தேதியில் யார் மேசைக்கு வந்தது, இப்போது யாரிடம் இருக்கிறது" என்று கேளுங்கள். மழுப்ப இடம் இருக்காது.

இயேசு சத்தியம் பண்ணாதே என்றாரே. பதவிப் பிரமாணம் எடுக்கலாமா?

மத்தேயு 5:34-ஐக் காரணம் காட்டி மறுக்கும் சபைகள் உண்டு. கத்தோலிக்கரும் பெரும்பாலான சீர்திருத்தச் சபைகளும் தக்க காரணத்துக்காக எடுக்கும் பிரமாணத்தை ஏற்கின்றன. அரசியலமைப்பின் மூன்றாம் அட்டவணை கடவுள் பெயரால் ஆணையிடவும் உளமார உறுதி கூறவும் இரண்டு வழி தருகிறது. மனச்சாட்சி இடித்தால் இரண்டாவதை எடுக்கலாம். கணக்கு இரண்டிலும் ஒன்றே.

அப்பா இறந்துவிட்டார். வீடு அவர் எப்படிக் கட்டியது என்று எங்களுக்குத் தெரியும். பிள்ளைகளுக்கு என்ன பொறுப்பு?

குற்றம் உங்களுடையது அல்ல. எசேக்கியேல் 18:20 குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்கிறது. பொருள் வேறு கதை. பிறருடையது என்று தெரிந்த நாளிலிருந்து அதை வைத்திருப்பது உங்கள் செயல். வீட்டை இடிக்கவோ உடனே விற்கவோ யாரும் சொல்லவில்லை. அடையாளம் தெரிந்த ஒரு குடும்பத்தின் நிலமோ பணமோ அதில் இருந்தால், பாகப்பிரிவினைக்கு முன்பே அதைக் கடனாக எழுதி எடுத்துவைத்துவிட்டு மீதியைப் பிரியுங்கள். பிரித்தபின் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு வாங்குவது நடக்கிற காரியமில்லை. அம்மா உயிரோடிருந்தால் அவர் குடியிருக்கும் உரிமையைத் தொடாமல், வாடகை வருமானத்திலிருந்து தவணையாகத் தீர்க்கலாம்.